மேசை மேலா, மேசைக்கு மேலா?

மொழிபெயர்ப்பு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒருநாள் என் மேசைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. தமிழ் வடிவம் எங்களிடம் தயாராகியிருந்தது. "எங்கள் மேற்பார்வையின் காரணமாக உங்கள் கணக்கில் இருமுறை பணம் பிடிக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறோம்" என்று இருந்தது. மேற்பார்வை பார்த்ததாலேயே தப்பு நடந்தது என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுக்குமா? மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'ட்யூ டு அன் ஓவர்சைட்' என்று இருந்தது.

மொழிபெயர்த்தவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி. கூப்பிட்டுக் கேட்டதும் அகராதியோடு வந்தார். "இங்க பாருங்கக்கா, ஓவர்சைட்னா மேற்பார்வைன்னுதான் போட்டிருக்கு" என்றார். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே 'கவனப் பிசகு' என்றும் போட்டிருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணும் கருத்துமா பாக்குறதுக்கும், பாக்காம கோட்டை விடுறதுக்கும் எப்படிக்கா ஒரே வார்த்தை வரும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அன்றைக்கு வேலை அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இப்போது எழுதுகிறேன். அதற்கு 'ஓவர்' என்ற சின்னச் சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓவர் நமக்கு அந்நியச் சொல் இல்லை. பஸ் ஓவர்டேக் செய்கிறது, லாரி ஓவர்லோடு ஏற்றுகிறது. ஊருக்கு ஊர் ஓவர்ஹெட் டேங்க் இருக்கிறது. தையல் கடையில் துணி ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடிக்கிறார்கள். பட்டறையில் இன்ஜினை ஓவர்ஹால் செய்கிறார்கள். பேச்சிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. "மேட்ச் ஓவர்" என்றால் முடிந்துவிட்டது. "அவன் பேச்சு ஓவரா இருக்கு" என்றால் அளவு மீறிவிட்டது. இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? வெறும் 'ஓவர்' முடிவைச் சொல்கிறது. 'ஆ' சேர்த்து 'ஓவரா' என்றால் மிகையைச் சொல்கிறது. "படம் ஓவர்" என்பதையும் "படம் ஓவரா இருக்கு" என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலம் ஒரே உருவில் வைத்திருக்கும் இரண்டு பொருளை, நாம் நம் விகுதியைப் போட்டுப் பிரித்துக்கொண்டுவிட்டோம். இந்த விகுதியை நமக்கு எந்தப் பள்ளியும் கற்றுத் தரவில்லை.

பெரிய ஆங்கில அகராதிகளில் ஓவருக்கு வரிசையாக எண் போட்டுப் பொருள் கொடுத்திருப்பார்கள். மேலே, தாண்டி, மூடி, முழுக்க, அதிகமாக, பற்றி, வழியாக, முடிந்து என்று நீளும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய முயன்று தோற்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். அது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலே இல்லை. ஒரு படத்தை மனதில் வரைந்துகொண்டால் போதும்.

ஒரு மதில். இந்தப் பக்கம் ஒரு பூனை. அது எம்பி, மதிலின் உச்சிக்கு மேலாகப் பறந்து, அந்தப் பக்கம் போய் இறங்குகிறது. அது போன வழியைக் கோடாக வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு கிடைக்கும். ஓவரின் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வளைவில் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பூனை உச்சியில் இருக்கும்போது 'மேலே'. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் 'தாண்டி'. பாய்ச்சல் முடிந்துவிட்டால் 'முடிந்தது'. வளைவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 'ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை'.

முதலில் உச்சியில் இருக்கும் பூனையைப் பார்ப்போம். தமிழர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நாம் 'மேல்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தின் ஆன், ஓவர், அபவ் மூன்றையும் சமாளிக்கப் பார்க்கிறோம். ஆனால் தமிழிலும் அந்த வேறுபாடு இருக்கிறது. 'மேசை மேல் விளக்கு இருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். விளக்கு மேசையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. 'மேசைக்கு மேல் விளக்கு இருக்கிறது' என்று சொல்லுங்கள். விளக்கு கூரையிலிருந்து தொங்குகிறது. நடுவில் ஒரு 'க்கு' வந்ததும் இடைவெளி வந்துவிட்டது. தொட்டுக்கொண்டிருந்தால் ஆங்கிலத்தில் ஆன். இடைவெளி இருந்தால் பெரும்பாலும் ஓவர். எனக்குத் தெரிந்து ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு இதைவிட எளிதான கைவிளக்கு இல்லை. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளைச் சொல்லும்போது மேல், கீழ், முன், பின் போன்ற சொற்களையும் வரிசைப்படுத்துகிறது. அவ்வளவு பழைய உடைமை நம்மிடம் இருக்கும்போது, வகுப்பறையில் அதைத் தொடாமலே ஆங்கில முன்னிடைச் சொற்களை நடத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த விதியை மீறும் இடம் ஒன்று உண்டு. மூடும்போது தொட்டாலும் ஓவர்தான். தோளின் மேல் சால்வை போர்த்துவது, பாத்திரத்தின் மேல் துணி கட்டுவது, ஊரின் மேல் பனி படர்வது எல்லாமே ஓவர். ஒரு பொருள் கீழே உள்ளதை முழுக்க மறைக்கிறது அல்லது பரவி நிற்கிறது என்று தோன்றினால் 'தொடுகிறதா' என்ற கேள்வி பின்னால் போய்விடும்.

சரி, இடைவெளி இருந்தால் ஓவரா, அபவா? அபவ் உயரத்தை மட்டும் சொல்லும். கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர், சராசரிக்கு மேல், நம் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர்கள் என்றால் அபவ். ஓவர் வரும் இடத்தில் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் ஏதோ ஓர் உறவு இருக்கும். தலைக்கு மேல் பிடித்த குடை தலையைக் காக்கிறது. ஆற்றுக்கு மேல் கட்டிய பாலம் ஆற்றைக் கடக்க வைக்கிறது. மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு மேசைக்கு வெளிச்சம் தருகிறது. கீழே இருப்பதை மேலே இருப்பது காக்கிறது, கடக்கிறது, மறைக்கிறது அல்லது ஆள்கிறது என்றால் ஓவரை எடுங்கள்.

ஆள்வது என்றதும் அதிகாரத்துக்கு வந்துவிட்டோம். உயரத்தில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்க்க முடியும், கட்டுப்படுத்தவும் முடியும். 'எனக்கு மேலதிகாரி', 'அவருக்கு மேல் யாருமில்லை' என்று நாமும் சொல்கிறோம். பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் என்ற பதவிப் பெயர் நம் தாத்தா காலத்திலிருந்தே பழக்கம். சில ஊர்களில் 'ஓவர்சியர் வீடு' என்றால் இன்றைக்கும் வழி சொல்லிவிடுவார்கள். ஓவர்சியர் என்றால் மேலே நின்று பார்ப்பவர். தொழிற்சாலையில் இருக்கும் சூப்பர்வைசரும் அவரே. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே. 'வைசர்' என்ற பகுதி பார்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஒன்று ஆங்கிலத்தின் சொந்தச் சொல், மற்றது லத்தீன் வழி வந்தது, இரண்டுக்கும் பொருள் ஒன்றே. நாமும் 'மேற்பார்வையாளர்' என்று அதே இரண்டு துண்டுகளை வைத்தே ஒட்டியிருக்கிறோம். இலங்கை, மலேயா தோட்டங்களில் தமிழ்க் கூலிகளுக்கு மேலாளாக நின்றவருக்குப் பெயர் கங்காணி. கண்காணி என்ற சொல்லே பேச்சில் அப்படித் தேய்ந்தது. அங்கே 'மேல்' இல்லை, கண் மட்டும் இருக்கிறது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். மேலே நின்று பார்க்கும் கண் இரண்டு வேலைகள் செய்யலாம். கீழே இருப்பதன் மேல் நிலைத்து நின்றால் அது மேற்பார்வை. நிலைக்காமல், பூனை மதிலைத் தாண்டியது போல, பார்க்க வேண்டிய பொருளுக்கு மேலாகவே பறந்து அந்தப் பக்கம் போய்விட்டால் அது கவனப் பிசகு. ஒன்றில் ஓவர் உச்சியில் நிற்கிறது. மற்றதில் தாண்டிப் போய்விடுகிறது. 'ஓவர்லுக்' என்ற வினையும் இதே பாதையில் போனதுதான். கடலைப் பார்த்தபடி உயரத்தில் ஒரு வீடு இருந்தால், அது கடலை ஓவர்லுக் செய்கிறது. கணக்கில் ஒரு பிழையை நீங்கள் பார்க்காமல் விட்டாலும் ஓவர்லுக்தான். இதே சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பழம்பொருளும் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி வட்டார வழக்கில், ஒருவரை ஓவர்லுக் செய்வது என்றால் அவர்மேல் கண் வைப்பது, நம் ஊரில் சொல்லும் கண்ணேறுதான். பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்ல அந்த ஊர்ப் பாட்டிகள் பயன்படுத்திய சொல், இன்று அலுவலகக் கடிதங்களில் 'கவனிக்கத் தவறிவிட்டோம்' என்று உட்கார்ந்திருக்கிறது.

சொற்களின் வரிசையையும் கவனியுங்கள். 'லுக்' முன்னால் வந்து 'ஓவர்' பின்னால் வந்தால், அதாவது 'லுக் ஓவர்' என்றால், ஒருமுறை பார்த்துச் சரிபார்ப்பது. 'ஓவர்' முன்னால் ஒட்டிக்கொண்டு 'ஓவர்லுக்' ஆனால் பார்க்காமல் விடுவது. 'இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் லுக் ஓவர் செய்யுங்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஓவர்லுக் என்று எழுதினால், 'கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்' என்று கேட்டதாகிவிடும்.

பாயும் பூனை அந்தப் பக்கம் இறங்கும் இடம் இன்னும் வளமானது. 'ஓவர்சீஸ்' என்றால் கடலுக்கு மேலே இல்லை, கடல் கடந்து. 1937இல் சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடியோடு ரங்கூனிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் சமூகத்திலிருந்து பிறந்த வங்கிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. நோயிலிருந்து மீள்வதும் துக்கத்திலிருந்து வெளியே வருவதும் 'கெட் ஓவர்'. நாமும் 'அந்தக் கஷ்டத்தைத் தாண்டி வந்துட்டா' என்றுதான் சொல்கிறோம். தடையை மதிலாகப் பார்ப்பது இரண்டு மொழிக்கும் பொதுவான பார்வை. சாவியை ஒருவரிடம் ஒப்படைத்தால் 'ஹேண்ட் ஓவர்'. சாவி இந்தக் கையிலிருந்து நடுவெளியைக் கடந்து அந்தக் கைக்குப் போகிறது. எதிர்க்கட்சிக்காரரைப் பேசிப் பேசி நம் பக்கம் கொண்டுவந்தால் 'வின் ஓவர்'. அவர் மதிலைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டார்.

கடந்து முடித்தாயிற்று என்றால் வேலை தீர்ந்தது. 'இட் இஸ் ஓவர்' என்பதில் முடிவு என்ற பொருள் வந்த வழி அதுதான். கிரிக்கெட்டின் ஓவருக்கும் இந்த வழியே பொருந்துகிறது. ஒரு முனையிலிருந்து போட வேண்டிய பந்துகளைப் போட்டு முடித்ததும் நடுவர் 'ஓவர்' என்று குரல் கொடுப்பார். பந்துவீச்சு மறுமுனைக்கு மாறும். அந்தக் கூப்பாடே பந்துகளின் தொகுதிக்குப் பெயராகிவிட்டது. அந்தத் தொகுதியில் எப்போதும் ஆறு பந்து இருந்ததில்லை. இங்கிலாந்தில் முதலில் நான்கு பந்து. 1889இல் ஐந்தானது, 1900இல் ஆறானது. ஆஸ்திரேலியாவில் 1978-79 பருவம் வரை எட்டுப் பந்து. 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியில், அணிக்கு 40 ஓவர், ஓவருக்கு எட்டுப் பந்து. இன்றைய கணக்கில் அது ஐம்பது ஓவருக்கும் மேல்.

போலீஸ் வயர்லெஸ்ஸில் கேட்கும் 'ஓவர்' இன்னொரு அழகு. அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்தவர் 'ஓவர்' என்றால் 'என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை' என்று பொருள். முடிவும் கைமாற்றமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. உரையாடலே முடிந்துவிட்டால் 'அவுட்' என்பார்கள். சினிமாவில் வரும் 'ஓவர் அண்ட் அவுட்' முறைப்படி பிழை. 'நீங்கள் பேசுங்கள்' என்றும் 'நான் வைக்கிறேன்' என்றும் ஒரே மூச்சில் சொன்னது போல ஆகிவிடும்.

சில நேரம் எதையும் தாண்டாமல், ஒரு பொருள் தானே வளைவு போடும். நின்றிருந்த கம்பம் சாய்ந்து விழுகிறது. அதன் உச்சி காற்றில் போட்ட கோட்டைப் பாருங்கள், அதே கவிழ்ந்த கிண்ணம். அது 'ஃபால் ஓவர்'. பக்கத்தைப் புரட்டினால், தோசையைத் திருப்பிப் போட்டால், படுக்கையில் புரண்டு படுத்தால் எல்லாவற்றிலும் ஓவர் வரும். வியாபாரத்தின் 'டர்னோவர்' இங்கிருந்து வந்தது. சரக்கும் பணமும் புரள்கின்றன. நாமும் 'லட்சக்கணக்கில் பணம் புரளுது' என்கிறோம், அவசரத்துக்குப் 'பணம் புரட்டு'கிறோம். ஓவர்ஹால் கப்பலில் பிறந்த சொல். கப்பியில் ஓடும் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துத் தளர்த்துவதே முதலில் ஓவர்ஹால்; பிறகு பிரித்து முழுக்கச் சோதிப்பதற்கு அது பெயரானது. ஒரு சுற்றுப் புரண்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம் இல்லையா? அதனால் 'ஓவர் அண்ட் ஓவர்' என்றால் மறுபடி மறுபடி. தமிழிலும் 'திரும்பத் திரும்ப' என்றுதான் சொல்கிறோம்.

அளவு மீறுதல் எப்படி வந்தது? அடுப்பில் பால் வைத்துப் பாருங்கள். பால் பாத்திரத்துக்குள் மேலே மேலே ஏறுகிறது. விளிம்பைத் தொடுகிறது. ஒரு நொடி தயங்கியது போல நின்று, பின் விளிம்பைத் தாண்டி வழிகிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'பாயில் ஓவர்'. உயர்ந்தது, எல்லையைத் தாண்டியது, கொள்ளளவுக்கு அதிகமானது. ஓவரின் மூன்று பொருளும் அந்த ஒரு நொடியில் சேர்ந்து நிற்கின்றன. உயர்ந்த அளவு அதிக அளவு. கோட்டைத் தாண்டிய அளவு மிகையான அளவு. ஓவர்லோடு, ஓவர்டோஸ், ஓவர்டைம், வங்கியின் ஓவர்டிராஃப்ட் எல்லாவற்றிலும் இந்த விளிம்பு இருக்கிறது. (ஓவர்டைமையும் ஓவர்டிராஃப்டையும் தமிழில் சுருக்கினால் இரண்டும் 'ஓடி' ஆகிவிடும். "அவன் ஓடியில இருக்கான்" என்று ஒரு மில் தொழிலாளி சொன்னால் வேலை கூடுதல், ஒரு வியாபாரி சொன்னால் கடன்.) தமிழின் பழைய வேரான 'மீ'யும் உயரத்தைக் குறிப்பதே. அதைச் சுற்றி மீது, மீறு, மீதி, மிகை என்று எத்தனை சொற்கள்! மேலே இருப்பது, எல்லை தாண்டுவது, எஞ்சுவது, அதிகமாவது. எஞ்சிய சோற்றை ஆங்கிலம் 'லெஃப்ட்ஓவர்' என்கிறது, நாம் 'மீதி' என்கிறோம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே ஏணியில் ஏறியிருக்கின்றன.

உறவுள்ள சொற்களின் கதை வேறு. ஓவரின் பழைய ஆங்கில உருவம் 'ஓஃபர்'. ஜெர்மனில் அது 'ஊபர்'; கைப்பேசியில் கார் கூப்பிடும் நிறுவனத்தின் பெயர் அந்த ஜெர்மன் சொல்தான். லத்தீனில் சூப்பர், கிரேக்கத்தில் ஹைப்பர், சமஸ்கிருதத்தில் உபரி. அத்தனையும் ஒரே மூதாதைச் சொல்லின் வாரிசுகள், அத்தனைக்கும் அடிப்படைப் பொருள் 'மேலே'. சமஸ்கிருதத்தில் மேலே என்று பொருள்பட்ட உபரி, தமிழுக்கு வந்து 'அணையிலிருந்து உபரி நீர் திறப்பு' என்று செய்தியில் வரும்போது 'தேவைக்கு மிஞ்சியது' ஆகிவிட்டது. ஓவர் நடந்த அதே பாதையில் உபரியும் நடந்திருக்கிறது. 'அந்தப் படம் சூப்பர், ஆனா கடைசில கொஞ்சம் ஓவரா போச்சு' என்று நாம் சொல்லும்போது இரண்டு உடன்பிறப்புகளை ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கிறோம்.

எண்ணுக்கு முன்னால் ஓவர் போடலாமா என்று அமெரிக்கப் பத்திரிகை உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டது. 'ஐம்பது பேருக்கு மேல்' என்பதற்கு 'மோர் தேன் ஃபிஃப்டி' என்றுதான் எழுத வேண்டும், ஓவர் இடத்துக்கு மட்டுமே உரியது என்று பல ஆசிரியர்கள் அடித்துத் திருத்தினார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு 2014இல்தான் இரண்டும் சரி என்று ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் அந்தத் தடைக்கு ஆரம்பத்திலிருந்தே அடிப்படை இல்லை; மக்கள் பல நூறு ஆண்டுகளாக அப்படித்தான் பேசிவந்தார்கள்.

ஓடிடி என்கிறோமே, அதிலும் ஓவர் இருக்கிறது: 'ஓவர் த டாப்'. கேபிள்காரரையோ டிஷ்ஷையோ நம்பாமல், ஏற்கெனவே இருக்கும் இணைய இணைப்பின் மேலேறி வருகிற சேவை என்பதால் அந்தப் பெயர். இதே தொடருக்கு ஆங்கிலத்தில் 'அளவு கடந்தது' என்றும் பொருள் உண்டு. முதல் உலகப் போரில் பதுங்குகுழியின் விளிம்பைத் தாண்டி எதிரியை நோக்கி ஓடும் சிப்பாய்களுக்கும் அதே தொடர்தான் கட்டளை. ஒரே மூன்று சொற்களில் ஒரு தலைமுறையின் சாவும் நம் வரவேற்பறைப் பொழுதுபோக்கும் இருக்கின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 'ஓவர் டீ' என்றால் டீ குடித்துக்கொண்டே. இரண்டு தலைகள் இரண்டு தம்ளர்களுக்கு மேலாகக் குனிந்து பேசுவதைக் கற்பனை செய்யுங்கள். நிலத்துக்காகச் சண்டை என்றாலும் ஓவர். நடுவில் நிலம், இரண்டு பக்கமும் ஆட்கள். போனில் சொன்னேன் என்றால் 'ஓவர் த போன்'. பேச்சு ஒரு தூரத்தைக் கடந்து போகிறது. 'ஓவர் த இயர்ஸ்' என்றால் வருடங்களின் போக்கில். வளைவு முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பது. காப்பியைவிட டீயைத் தேர்ந்தெடுத்தால் 'டீ ஓவர் காஃபி'. பிடித்தது மேலே இருக்கிறது.

இந்தப் படம் வரையும் யோசனை என்னுடையது இல்லை. 1981இல் க்ளாடியா ப்ருக்மன் என்பவர் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓவர் என்ற இந்த ஒரே சொல்லை வைத்து ஒரு முதுகலை ஆய்வேடு எழுதினார். அதை ஜார்ஜ் லேக்காஃப் விரித்து, 1987இல் வெளிவந்த தன் பெரிய புத்தகத்தில் ஒரு முழுப் பகுதியாகச் சேர்த்தார். சின்னச் சின்னக் கோட்டுப் படங்களாக வரைந்து, ஒவ்வொரு பொருளும் அடுத்ததோடு எப்படிச் சங்கிலி போலக் கோத்திருக்கிறது என்று காட்டினார். பின்னால் வந்த ஆண்ட்ரியா டைலரும் விவியன் எவன்ஸும் 2001இல் மறுத்து எழுதினார்கள். மலை உயரமா மதில் உயரமா, தொடுகிறதா தொடவில்லையா என்பதெல்லாம் சொல்லின் பொருளில்லை, சூழல் தருவது. ஆகவே இத்தனை பொருள்களாக உடைக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் கட்சி. நான் இரண்டாவது கட்சி. மதிலைத் தாண்டியது பூனையா, விமானமா என்பது கேட்பவருக்குத் தெரியும். அதை ஓவர் சொல்ல வேண்டியதில்லை.

'க்கு மேல்' என்ற கைவிளக்கு எங்கே அணைந்துபோகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பத்து மணி நேரத்துக்கு மேல்' என்றால் ஓவர் சரி. 'பத்து மணிக்கு மேல் வாங்க' என்றால் அங்கே ஓவர் வராது, ஆஃப்டர்தான். கால அளவுக்கு ஓவர், கடிகார நேரத்துக்கு ஆஃப்டர். 'அவன் மேல் கோபம்' என்பதை ஆங்கிலமாக்கும்போது ஆன் போடுவார்கள் நம் பிள்ளைகள், சிலர் ஓவர் போடுவார்கள். இரண்டும் வேண்டாம். ஆள் மேல் கோபம் என்றால் 'வித்' அல்லது 'அட்'. விஷயத்துக்காகக் கோபம் என்றால்தான் ஓவர்: தாமதத்துக்காக, பணத்துக்காக. இன்னொன்று, 'ஓவர்ஹியர்'. தமிழில் இதை ஒட்டுக்கேட்பது என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அது அநியாயம். ஒட்டுக்கேட்பவர் வேண்டுமென்றே கேட்கிறார். ஓவர்ஹியர் செய்தவருக்குத் தற்செயலாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். நீதிமன்ற ஆவணத்தில் இந்த ஒரு சொல் மாறினால் ஒரு சாட்சியின் நடத்தையே மாறிப்போகும்.

அந்த மன்னிப்புக் கடிதம் 'எங்கள் கவனப் பிசகால்' என்று திருத்தப்பட்டுப் போனது. தம்பி கடைசியாக, "எப்படிக்கா சட்டுன்னு கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். வழி இருக்கிறது. மேற்பார்வை என்ற பொருளில் ஓவர்சைட் எண்ண முடியாத பெயர். அதற்கு முன்னால் 'அன்' வராது. கவனப் பிசகை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஒருமையில் 'அன்' வரும். ஆங்கிலக் கடிதத்தில் ஓவர்சைட் என்ற சொல்லைக் கண்டால், அகராதியை எடுக்கும் முன் அதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சின்னச் சொல்லைப் பாருங்கள்.